காலிப் பெட்டியைக் காட்டிய டீச்சர்

எதிர்வீட்டு டீச்சருக்கு ஒரு கிண்ணம் கடன் கொடுத்தால் அது திரும்பி வருகிற விதமே தனி. வாசல் மணி அடிக்கும். கதவைத் திறந்ததும் கிண்ணத்தைக் கவிழ்த்து, அடியில் ஒரு தட்டு தட்டி, நிமிர்த்தி, உள்பக்கத்தை நம் முகத்துக்கு நேராகக் காட்டுவார்.

"பாத்துக்கோங்க. காலி. பாத்தாச்சா?"

"பாத்தாச்சு டீச்சர்" என்று நாம் வாயைத் திறந்து சொல்கிற வரைக்கும் கிண்ணம் கைக்கு வராது. அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தாலும் சரி. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது, ஒரு சிட்டிகை சர்க்கரையாவது போட்டுத் தர வேண்டும் என்பது என் அம்மாவின் கட்சி. "படிச்ச பொம்பளை, இது கூடத் தெரியலையே" என்று கதவைச் சாத்திய பிறகு முணுமுணுப்பாள். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் கிண்ணங்கள் காலியாகத்தான் வந்துகொண்டிருந்தன.

மாடம்பாக்கத்தில் ஏரிக்குப் போகிற சாலையில் இருந்தது எங்கள் குடியிருப்பு. தனியார் பள்ளி, அரசுப் பள்ளி என்று பல பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒன்று சேர்ந்து இடம் வாங்கிக் கட்டிய மூன்று மாடிக் கட்டடம். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. என் அப்பா கணக்கு சார். கீழ்வீட்டில் தையல் டீச்சர். எதிர்வீட்டில் இவர், பூகோள டீச்சர். எல்லாரும் ஓய்வு பெற்ற பிறகும் அவரவர் பாடம் அவரவரை விட்டுப் போகவில்லை.

ஆனால் பூகோள டீச்சரிடம் பூகோளத்தைவிடக் கெட்டியாக ஒட்டிக்கொண்டது தேர்தல் வேலைதான். ஆசிரியர்கள் எல்லாருமே வாக்குச் சாவடி வேலைக்குப் போனவர்கள். போகிறபோது முனகிக்கொண்டு போய், வந்ததும் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு மறந்துவிட்டவர்கள். இவர் மறக்கவில்லை. பெட்டிக் காலத்திலிருந்து மெஷின் காலம் வரைக்கும் பிரிசைடிங் ஆபீசராக இருந்தவர். காலையில் ஓட்டு ஆரம்பிக்கும் முன் கட்சி ஏஜெண்டுகளுக்குக் காலிப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். மெஷின் வந்த பிறகு அவர்களையே மாதிரி ஓட்டுப் போடச் சொல்லி, எண்ணிக் காட்டி, அதை அழித்துவிட்டு, பூஜ்யம் என்று காட்ட வேண்டும். மற்றவர்களுக்கு இது விதி. இவருக்கு அது குணமாகவே ஆகிவிட்டது.

அவரே சொன்ன ஒரு கதை உண்டு. அனகாபுத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சாவடி. விடிந்தும் விடியாததுமாக ஒரு கட்சியின் ஏஜெண்டு மட்டும் வந்து நிற்கிறார். இன்னொருத்தர் வரவில்லை.

"அவன் வரமாட்டான் டீச்சர். ராத்திரி போட்டது இன்னும் இறங்கல, வூட்ல படுத்துகினு கீறான். நீங்க ஆரம்பிங்க."

"அவரும் பாக்கணுமே."

"இன்னா டீச்சர் பேஜார் பண்றீங்க? நான் பாத்துட்டேன்ல? ஒரு ஆள் பாத்தா பத்தாதா?"

"நீங்க பாத்தது உங்களுக்கு. அவர் பாக்கறது அவருக்கு."

கூட இருந்த ஊழியரை அந்த வீட்டுக்கே அனுப்பி ஆளை எழுப்பி வரவழைத்திருக்கிறார். அந்த மனிதர் லுங்கியோடு வந்து, சிவந்த கண்ணைத் தேய்த்துக்கொண்டு பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "காலிதான், போ" என்றாராம். அதற்குப் பிறகுதான் பெட்டிக்குச் சீல் வைத்தார். இதைச் சொல்லிவிட்டு டீச்சர் சிரிக்க மாட்டார். "ஜெயிக்கறவனுக்கு எண்ணிக் காட்ட வேண்டாம், அவன் எப்படியும் ஒத்துக்குவான். தோக்கறவன் ஒத்துக்கணும், அதுக்குத்தான் இத்தனையும்" என்பார்.

நல்ல பேச்சுதான். ரேஷன் கடை வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்கிறபோது இதெல்லாம் நல்லதாகவே தோன்றாது. தராசில் பூஜ்யம் தெரிகிறதா என்று எம்பிப் பார்ப்பார். பிறகு பின்னால் நிற்கிறவர்களுக்கும் காட்டச் சொல்வார். கடைக்காரர் ஒருநாள் கையெடுத்தே கும்பிட்டுவிட்டார். "யக்கா, உங்க ஒருத்தராலதான் லைனு அப்டியே நிக்குது. போய்ட்டு வாங்கக்கா, புண்ணியமாப் போவும்." வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

கட்டடம் பழசாகி, மழைக்கு மழை சுவர் ஊறி, மாடிப்படி அடியில் கம்பி வெளியே தெரிய ஆரம்பித்தபோதுதான் எங்கள் வினை தொடங்கியது. சங்கச் செயலாளர் மறைந்த டிராயிங் மாஸ்டரின் மகன். நாங்கள் பார்க்க வளர்ந்த பிள்ளை, சாஃப்ட்வேரில் வேலை. கெட்டவன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ராத்திரி பகல் பாராமல் சங்கத்துக்கு உழைத்தவன். அவன்தான் மூன்று வழிகளைக் கூட்டத்தில் வைத்தான். ஒன்று, இருக்கிற கட்டடத்தையே மராமத்துப் பார்ப்பது. இரண்டு, தாம்பரத்திலேயே தொழில் செய்கிற ஒரு பில்டரிடம் கொடுத்து இடித்துக் கட்டுவது. மூன்று, ஊரெல்லாம் விளம்பரம் வைத்திருந்த ஒரு பெரிய பில்டரிடம் கொடுத்து இடித்துக் கட்டுவது. அந்தப் பெரிய பில்டர் வேறு எங்கோ பாதிக் கட்டடத்தில் நிறுத்திவிட்டு ஓடியவர் என்று பேச்சு இருந்தது. பெரியவர்கள் யாருக்கும் அவரைப் பிடிக்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்காரர்களும் ஓட்டுப் போட வேண்டும், அதனால் செல்போன் ஆப்பிலேயே தேர்தல் என்றான் செயலாளர். அதிலும் ஏதாவது ஒன்றுக்கு மட்டும் ஓட்டுப் போட்டால் போதாது. மூன்றையும் வரிசைப்படுத்த வேண்டும். மிகவும் பிடித்ததற்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, கடைசிக்கு மூன்று. ஒன்றாம் எண் குறைவாக வாங்கியது வெளியேறும். அதற்குப் போட்டவர்களின் ஓட்டு அவர்களுடைய இரண்டாம் விருப்பத்துக்குப் போய்ச் சேரும்.

"போய்ச் சேருதுன்னு எப்படித் தெரியும்?" என்று எழுந்தார் பூகோள டீச்சர்.

"ஆப் பண்ணிடும் டீச்சர். ஆட்டோமேட்டிக்."

"என் ஓட்டு ஒரு கட்டுலேருந்து இன்னொரு கட்டுக்குப் போறதை நான் பாக்கணும் தம்பி."

"ஜனாதிபதியையே இப்படி வரிசை போட்டுத்தான் தேர்ந்தெடுக்கறாங்க டீச்சர்."

"வரிசை போடறது தப்புன்னு நான் சொல்லவே இல்லையே. அங்க சீட்டு இருக்கு. எடுத்து எண்ணலாம். இதுல கையில பிடிச்சுக் காட்ட என்ன இருக்கு?"

"சரி, ஆப்பே இருக்கட்டும்" என்று அவரே இறங்கியும் வந்தார். "முன்னாடி ஒரு மாதிரி ஓட்டு வைங்க. இட்லி, பொங்கல், உப்புமா. உப்புமா ஜெயிச்சா ஏதோ கோளாறுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்."

கூட்டத்தில் ஒரே சிரிப்பு. "டீச்சர், எனக்கு நிஜமாவே உப்புமா பிடிக்கும்" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். செயலாளரும் சிரித்தபடியே, டயம் இல்லை டீச்சர் என்று முடித்துவிட்டான்.

அவர் விடவில்லை. ஒரு பழைய பிஸ்கட் டின்னின் மூடியில் கத்தியால் கீறி, அதைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். முழங்கால் வலியோடு. மூடியைத் திறந்து டின்னைக் கவிழ்த்துக் காட்டி, "இதுல சீட்டுப் போட்டு எல்லார் முன்னாடியும் எண்ணலாம், செயலாளர்கிட்ட நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். அப்பா டின்னுக்குள் மரியாதையாக எட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கு ஏன் டீச்சர் இந்த அலைச்சல்?"

"எனக்கு எழுபது தாண்டியாச்சு சார். இடிச்சாங்கன்னா கட்டி முடிக்கறப்போ நான் இருக்கணுமே. எங்க வீட்டுக்காரர் அந்த உள் ரூம்லதான் கண்ணை மூடினார். நானும் அங்கேயே மூடிட்டுப் போயிடறேன்னு நினைச்சேன்." சற்று நிறுத்தி, "தோத்தா தோத்துட்டுப் போறேன். பாத்துட்டுத் தோக்கறேன், அவ்வளவுதான்" என்றார்.

அப்பா செயலாளரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை.

ஓட்டு போனிலேயே நடந்தது. முடிவு மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் வண்ண வட்டமாக வந்தது. பெரிய பில்டர் ஜெயித்திருந்தார். மராமத்து முதல் சுற்றிலேயே வெளியேறியிருந்தது.

அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போனைப் பார்த்தார். "எப்படி ஆகும்? மராமத்துக்கு நான் மூணு போட்டேனே. முழு மார்க்கு."

"அந்தப் பெரிய பில்டருக்கு என்னப்பா போட்டீங்க?"

"அவனுக்கு ஒண்ணு. அதுவே ஜாஸ்தி."

ஆயுள் முழுக்க விடைத்தாள் திருத்திய மனிதர். ஒன்று என்றால் பிடித்தது என்று அந்தப் போனில் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. ஓகே, ஓகே என்று அழுத்தித் தாண்டிவிட்டார். எண்ணைப் பார்த்ததும் கை மார்க் போட்டுவிட்டது. மெதுவாக எடுத்துச் சொன்னேன். அப்பா போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "கணக்கு வாத்தியார், ஒண்ணுக்கும் மூணுக்கும் வித்தியாசம் தெரியாமப் போட்டான்னு சிரிப்பாங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றார். "நான் ஒருத்தன் போட்டதாலயா ஆகிப்போச்சு?" என்றும் சொன்னார்.

அங்கேதான் எல்லாமே கெட்டது. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இதையே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர் பூகோள டீச்சர் ஒருவர்தான். தையல் டீச்சர் அவரிடம் வாய் தவறி உளறிவிட்டார். "அந்த பில்டருக்கு முட்டை போடத்தான் நினைச்சேன். ஆப் ஒத்துக்கலை. அதான் போனாப் போகுதுன்னு ஒரு மார்க் போட்டேன்."

உடனே பொதுக்குழு கேட்டார் டீச்சர். மொட்டை மாடியில் தகரக் கொட்டகைக்குக் கீழே கூடினோம். வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டும்தான் பேசலாம் என்பது சங்க விதி. நான் அப்பாவைக் கைப்பிடித்து ஏற்றிவிட்டுப் பின்னால் நின்றேன். டீச்சர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. தையல் டீச்சர் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

"நம்மள்ல சில பேர் வரிசை போடாம மார்க் போட்டிருக்கோமோன்னு எனக்கு ஒரு சந்தேகம். பழக்க தோஷம், யாருக்கும் வரும். யாருக்குப் போட்டீங்கன்னு சொல்ல வேண்டாம். அதைக் கேக்கறதும் தப்பு, சொல்றதும் தப்பு. மார்க்கா போட்டவங்க கையை மட்டும் தூக்குங்க. அது போதும், சீட்டு வெச்சு மறுபடி போட்டுக்கலாம்."

செயலாளரும் எழுந்து, "அப்படி இருந்தா கண்டிப்பா மறுபடி வைக்கலாம். எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. கை தூக்குங்க" என்றான். அவன் சொன்னது மனசாரத்தான்.

ஒரு கைகூட எழவில்லை. தையல் டீச்சரின் கை மடியிலிருந்து கிளம்பியது. பக்கத்தில் இருக்கிறவர்களைப் பார்த்தது. காதோர முடியை ஒதுக்கிவிட்டுத் திரும்ப மடிக்கே போய்விட்டது. என் அப்பா தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் பின்னந்தலையில் ஒன்று வைக்கலாம் போல ஆத்திரம் வந்தது. பெற்ற தகப்பனாயிற்றே.

டீச்சர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கண்ணாடி ஜன்னலை உடைத்தது யார் என்று கேட்டுவிட்டு வகுப்பில் நிற்கிறவர் மாதிரி, அவசரமில்லாமல். எல்லாரும் ஆசிரியர்கள், அந்தப் பார்வைக்கு எப்படித் தலை குனிய வேண்டும் என்று பிள்ளைகளிடம் கற்று வைத்திருந்தார்கள்.

"யாருமே தப்பாப் போடலைன்னா மறுபடி எதுக்கு டீச்சர்?" என்று கேட்டான் செயலாளர்.

"வேண்டாம்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பிறகு பில்டரின் பத்திரத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். புது வீடு, லிஃப்ட், கார் நிறுத்துமிடம் என்று பிள்ளைகள் போனில் பேசிப் பேசிப் பெரியவர்களைக் கரைத்திருந்தார்கள். கடைசியாகப் போட்டவர் பூகோள டீச்சர். அவர் போடாமல் முரண்டு பிடிப்பார், அதைச் சாக்கிட்டு நாமும் பின்வாங்கிவிடலாம் என்று அப்பா உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தார் என்றே நினைக்கிறேன்.

"போட்டுட்டீங்களாமே டீச்சர்?" என்று மாடிப்படியில் கேட்டார்.

"கை தூக்கச் சொன்னேன், யாரும் தூக்கலை. எல்லார் முன்னாடியும் கேட்டது சார், நானும் பாத்தேன். அதுக்கப்புறம் ஒத்துக்க மாட்டேன்னா நான் எப்படிப்பட்ட ஆள்?"

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

காலி செய்கிற அன்று டீச்சரிடம் சாவி வாங்க பில்டரின் ஆள் வந்தான். டீச்சர் அவனை ஒவ்வொரு அறையாகக் கூட்டிப் போனார். அலமாரிக் கதவுகள், பரண், குளியலறை வாளி வைக்கிற மூலை, எல்லாவற்றையும் திறந்து காட்டினார். அவன் போனைப் பார்த்துக்கொண்டே "சரிம்மா, சரிம்மா" என்று வந்தான். கணவர் இறந்த அறை வாசலில் டீச்சர் நின்றுவிட்டார்.

"தலையைத் தூக்கிப் பாருங்க தம்பி. காலி. பாத்தாச்சா?"

அவன் நிமிர்ந்து பார்த்து, "பாத்தாச்சும்மா" என்றான். டீச்சர் சாவியைக் கொடுத்தார். நான் எங்கள் வீட்டு வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அழுகை வந்துவிட்டது. உள்ளே போய்விட்டேன்.

கட்டடத்தை இடித்தார்கள். பள்ளம் தோண்டினார்கள். அதோடு சரி. கொஞ்ச காலம் பில்டர் எங்களுக்குக் கொடுத்துவந்த வாடகைப் பணமும் நின்றது. வழக்கு நடக்கிறது. செயலாளர் முடியெல்லாம் நரைத்துப்போய் வக்கீல் வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் அலைகிறான். பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்று பாசி படர்ந்து, கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. "உப்புமா ஜெயிச்சுடுச்சு" என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார். நாங்கள் அஸ்தினாபுரத்தில் வாடகைக்கு இருக்கிறோம். டீச்சர் அனகாபுத்தூரில் ஆற்றோரச் சந்து ஒன்றில், ஒற்றை அறையில் குடியிருந்தார். போன மழையில் அங்கே தண்ணீர் புகுந்தது. அதன் பிறகு வந்த காய்ச்சலில் இறந்துபோனார். செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதற்கு முன்னால் அவரை ஒரே ஒரு தடவை பார்த்தோம். தேர்தல் நாள். வாக்காளர் பட்டியலில் எங்கள் எல்லாருக்கும் இன்னமும் அந்தப் பழைய விலாசம்தான். இல்லாத வீட்டின் பெயரில் ஓட்டு இருந்தது. மாடம்பாக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அங்கங்கே சிதறிப்போன ஆசிரியர்கள் எல்லாம் வரிசையில் நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்து நலம் விசாரித்தார்கள். பள்ளத்தைப் பற்றி யாரும் வாயெடுக்கவில்லை.

டீச்சர் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். இருமிக்கொண்டே இருந்தார். அப்பா ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் அவரைப் பார்த்துத் தயங்கி நின்றுவிட்டார். டீச்சரேதான் பேசினார்.

"மெஷின்ல கண்ணாடிக்குப் பின்னால சீட்டு விழுதே, விழற வரைக்கும் நின்னு பாத்தீங்களா சார்?"

"பாத்தேன் டீச்சர்."

"சில பேர் பொத்தானை அழுத்தினதும் கிளம்பிடறாங்க. நின்னு பாக்கணும். நம்ம சின்னந்தானான்னு பாக்கணும்."

போகலாம் என்று நான் அப்பாவின் முழங்கையைப் பிடித்தேன். அவர் விலக்கிக்கொண்டார். பிறகு, மை இன்னும் காயாத இடது கையை மெல்லத் தலைக்கு மேலே தூக்கினார். வரிசையில் நின்றவர்கள் அவர் மையைக் காட்டுகிறார் என்று நினைத்திருப்பார்கள். ஒருவர் தன் விரலையும் காட்டிச் சிரித்தார். அப்பா கையை இறக்கவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன் மாதிரி தூக்கியபடியே நின்றார். கண்ணில் நீர் வழிந்தது.

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"எண்ணி முடிச்சாச்சு சார்" என்றார். "கையைக் கீழ போடுங்க."